ஹாம்லெட் வீழ்ந்தது எங்கே? பழிவாங்கும் நாடகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைக் கல்லூரியில் படித்தவர்களும் மேடையிலோ சினிமாவிலோ பார்த்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: இவ்வளவு புத்திசாலி, இவ்வளவு நல்லவன், ஏன் இப்படி அழிந்தான்? 'தயங்கினான், அதனால் அழிந்தான்' என்பது நோட்ஸில் இருக்கும் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவன் தயங்காமல் செய்த ஒரே ஒரு காரியம்தான் அவனைச் சாய்த்தது.

கதை மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டென்மார்க் அரசர் இறந்துபோகிறார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர் தம்பி கிளாடியஸ் அரியணையில் உட்கார்ந்து, அண்ணியான கெர்ட்ரூடையும் மணந்துகொள்கிறான். மகன் ஹாம்லெட் விட்டன்பர்க்கில் படிப்பவன், ஊர் திரும்பியிருக்கிறான். எல்சினோர் கோட்டை மதிலில் தந்தையின் ஆவி அவனைச் சந்தித்து, 'தூங்கும்போது காதில் விஷம் ஊற்றி உன் சித்தப்பன்தான் என்னைக் கொன்றான், பழி வாங்கு' என்கிறது. ஹாம்லெட் பைத்தியம் போல நடிக்கிறான். ஒரு நாடகம் போடவைத்துச் சித்தப்பாவின் குற்றத்தை உறுதிசெய்துகொள்கிறான். அன்று இரவே தாயின் அறையில், திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த மந்திரி பொலோனியஸைக் கிளாடியஸோ என்று எண்ணிக் குத்திவிடுகிறான். பொலோனியஸின் மகள் ஒஃபீலியா, ஹாம்லெட் காதலித்தவள், சித்தம் கலங்கி நீரில் மூழ்கிச் சாகிறாள். மகன் லேயர்டிஸ் பழிவாங்க வருகிறான். விஷம் தடவிய வாளோடு நடக்கும் போட்டியில் லேயர்டிஸ், கெர்ட்ரூட், கிளாடியஸ், ஹாம்லெட் நால்வரும் இறக்கிறார்கள்.

பழிவாங்கும் நாடகம் என்று ஒரு தனி வகையே இருந்ததா?

இருந்தது, பெரிய கூட்டமும் வந்தது. வேர் ரோமாபுரியின் செனெக்காவிடம் இருக்கிறது. அவர் எழுதியவையாகக் கருதப்பட்ட பத்துத் துன்பியல் நாடகங்கள் 1581இல் ஒரே தொகுப்பாக ஆங்கிலத்தில் வந்தன. கொலையுண்டவரின் ஆவி, நீளமான தனிமொழி, சொல்லக் கூசும் கொடூரம் எல்லாம் அங்கிருந்து இறங்கியவை. அதை லண்டன் மேடைக்கு ஏற்ற சரக்காக மாற்றியவர் தாமஸ் கிட். அவருடைய 'ஸ்பானியத் துன்பியல்' 1592இல் லண்டனில் நடந்துகொண்டிருந்ததற்கு அரங்க உரிமையாளர் ஹென்ஸ்லோவின் கணக்குப் புத்தகமே சாட்சி. ஆவி, பைத்தியம், நாடகத்துக்குள் நாடகம், கடைசியில் மேடை நிறையப் பிணம் என்று ஹாம்லெட்டில் நாம் பார்ப்பதெல்லாம் அதில் ஏற்கெனவே உண்டு. 'ஹாம்லெட்' என்ற பெயரிலேயே ஒரு பழைய நாடகம் 1589 வாக்கில் இருந்தது. அதன் பிரதி கிடைக்கவில்லை.

ஆக, ஷேக்ஸ்பியர் 1600ஐ ஒட்டி இதை எழுதியபோது, பார்க்க வந்தவர்களுக்கு இந்தக் கதையின் போக்கு மனப்பாடம். ஆவி வந்தால் பழி வரும், பழி வந்தால் நாயகன் சாவான். அவர்கள் பார்க்க வந்தது எப்படிச் சாகிறான் என்பதைத்தான்.

கிட்டின் நாயகனுக்கு என்ன ஆனது? அவனைத் தெரிந்துகொள்ளாமல் ஹாம்லெட் புரியாதா?

புரியும். ஆனால் ஹியரோனிமோவைத் தெரிந்துகொண்டால் இன்னும் நன்றாகப் புரியும். எனக்கு ஹாம்லெட்டைவிட இவன்மேல்தான் பரிதாபம் அதிகம்.

ஹியரோனிமோ ஸ்பெயின் அரசவையில் நீதி வழங்கும் அதிகாரி. நள்ளிரவில் அலறல் கேட்டு, படுக்கையிலிருந்து எழுந்து தோட்டத்துக்கு ஓடிவருகிறான். கொடிப்பந்தலில் ஓர் உடல் தொங்குகிறது. கயிற்றை அறுத்துக் கீழே இறக்கிப் பார்த்தால், சொந்த மகன் ஹொரேஷியோ. (ஹாம்லெட்டின் நண்பன் பெயரும் இதுவே. ஆள் வேறு.) மகனின் ரத்தத்தில் ஒரு கைக்குட்டையைத் தோய்த்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறான். கொன்றவர்கள் அரசனின் தம்பி மகன் லொரென்ஸோவும் போர்ச்சுகல் இளவரசன் பால்தஸாரும். ஊருக்கே நீதி சொல்பவனுக்குத் தன் மகனுக்கு நீதி கேட்க இடமில்லை. அரசனிடம் போய் 'நீதி, நீதி' என்று கதறுகிறான். லொரென்ஸோ குறுக்கே நின்று, கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி மறைத்துவிடுகிறான்.

மூன்றாம் அங்கத்தில் ஒரு காட்சி. வழக்குக்காரர்கள் சிலர் மனுவோடு ஹியரோனிமோவைத் தேடி வருகிறார்கள். கூட்டத்தில் பஸூல்டோ என்று ஒரு முதியவர், வாயே திறக்காமல் ஓரமாக நிற்கிறார். அவர் மனுவை வாங்கிப் பார்த்தால், கொலையுண்ட மகனுக்காக நீதி கேட்கும் மனு. ஹியரோனிமோ உடைந்துபோகிறான். கிழவருக்குக் கண் துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் போனவன் கையில் அந்த ரத்தக் கைக்குட்டையே வருகிறது. பிறகு மற்றவர்களின் பத்திரங்களைப் பிடுங்கிப் பல்லாலேயே கிழிக்கிறான். ஒரு நீதிபதி வழக்குக் கட்டுகளைக் கடித்துக் கிழிக்கும் அந்த நொடியில் அவன் வீழ்ச்சி முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கொலைக் கணக்கு மட்டும்.

கடைசியில் அரசர்கள் முன்னிலையில் ஒரு நாடகம் போடுகிறான். குற்றவாளிகளுக்கே வேஷம் கொடுக்கிறான். கத்தி நிஜக் கத்தி. அவையோர் நல்ல நடிப்பு என்று பாராட்டுகிறார்கள். பிறகு மகனின் உடலைத் திரை விலக்கிக் காட்டுகிறான். பிடிபட்டதும் பேச மறுத்துத் தன் நாக்கைக் கடித்துத் துப்புகிறான். எழுதிக் கொடு என்று பேனா தருகிறார்கள். அதைக் கூராக்கக் கத்தி வேண்டும் என்று சைகை காட்டி, வாங்கிய கத்தியால் லொரென்ஸோவின் தகப்பனாரைக் குத்திவிட்டுத் தானும் குத்திக்கொள்கிறான். அந்தத் தகப்பனுக்குக் கொலையில் எந்தப் பங்கும் இல்லை. மகனை இழந்த ஒரு தகப்பன், மகனை இழந்த இன்னொரு தகப்பனைக் கொல்கிறான்.

அந்தக் காலத்தில் பழிவாங்குவது சரி என்றுதான் நினைத்தார்களா?

இல்லை. எலிசபெத் கால இங்கிலாந்தில் தனியாள் பழிவாங்கிக் கொன்றால் அது கொலைக் குற்றம், அவ்வளவுதான். 'பழிவாங்குதல் எனக்குரியது' என்று கர்த்தர் சொல்வதாக ரோமர் நிருபம் 12ஆம் அதிகாரத்தில் வருவதை எல்லாத் தேவாலயங்களிலும் கேட்டிருப்பார்கள். ஹியரோனிமோவே அந்த வசனத்தின் லத்தீன் சொற்களோடுதான் தன் முக்கியமான தனிமொழியைத் தொடங்குகிறான். தொடங்கிவிட்டு எதிர்த்திசையில் போகிறான். பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளியிட்ட கட்டுரையில் பழிவாங்குதலை ஒருவகைக் காட்டு நீதி என்றே எழுதினார்.

சிக்கல் என்னவென்றால், கொலைகாரனே அரசன் என்றால் வழக்கை யாரிடம் போடுவது? கிளாடியஸுக்கு மேலே டென்மார்க்கில் ஒரு கோர்ட்டும் கிடையாது. பழிவாங்கவும் கூடாது, வாங்காமல் இருக்கவும் முடியாது. இந்த நாடகங்களின் நாயகன் நிற்கும் இடம் இதுதான்.

ஹாம்லெட் ஏன் இவ்வளவு தாமதிக்கிறான்?

அப்படி ஒன்றும் காரணமில்லாமல் தாமதிக்கவில்லை. ஆவி உண்மையிலேயே தந்தைதானா, தந்தை உருவில் வந்த சாத்தானா என்று அவனுக்குச் சந்தேகம். இன்றைய வாசகருக்கு இது சாக்குப்போக்காகத் தெரியலாம். ஆவி தான் இரவில் அலைவதாகவும், பாவம் தீரும்வரை நெருப்பில் வாடுவதாகவும் சொல்கிறது; அது கத்தோலிக்கர்கள் நம்பும் இடைநிலை உலகம். ஹாம்லெட் படிக்கும் விட்டன்பர்க், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் ஊர். அந்தப் பக்கம் அப்படி ஓர் உலகமே இல்லை என்று போதித்தவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் நிலையும் அதுதான். ஒரு ஆவியின் சொல்லை மட்டும் நம்பி அரசனைக் கொல்லாமல், முதலில் சாட்சி தேடுபவனை நான் கோழை என்று சொல்ல மாட்டேன்.

தன்னைத்தானே அவன் திட்டிக்கொள்வது உண்மை. 'நான் எவ்வளவு கேவலமானவன்' என்று புலம்புகிறான். அந்தப் புலம்பலை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொண்டதால்தான் 'தயங்கும் ஹாம்லெட்' என்ற பிம்பம் வளர்ந்தது. லாரன்ஸ் ஒலிவியர் 1948இல் எடுத்த படம், ஒரு முடிவுக்கு வர முடியாத மனிதனின் துயரக்கதை இது என்று சொல்லியே தொடங்குகிறது. அந்த ஒரு வரி பல தலைமுறை மாணவர்களின் விடைத்தாளில் வந்து உட்கார்ந்துவிட்டது.

எலிப்பொறி நாடகம் அவனுக்கு வெற்றிதானே?

பாதி வெற்றி. கிளாடியஸைச் சிக்கவைக்க அவன் போடவைத்த, அவனே 'எலிப்பொறி' என்று பெயர் சொல்லும் நாடகத்தில் ஒருவன் தூங்கும் அரசன் காதில் விஷம் ஊற்றுகிறான். கிளாடியஸ் எழுந்துவிடுகிறான், விளக்குக் கேட்கிறான். ஹாம்லெட்டுக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் அந்த மேடைக் கொலைகாரன் யார் என்று கவனியுங்கள். லூசியானஸ், அரசனின் அண்ணன் மகனோ தம்பி மகனோ. ஹாம்லெட்டே அதை உரக்கச் சொல்கிறான். தம்பி அண்ணனைக் கொன்றதைக் காட்ட வேண்டிய நாடகம், மகன் முறையுள்ளவன் அரசனைக் கொல்வதைக் காட்டுகிறது. அவையில் இருந்த மற்றவர்கள் என்ன பார்த்திருப்பார்கள்? இளவரசன் தன் சித்தப்பாவுக்குப் பகிரங்கமாகக் கொலை மிரட்டல் விடுவதைத்தான். கிளாடியஸ் குற்றவாளி என்பது ஹாம்லெட்டுக்கும் ஹொரேஷியோவுக்கும் மட்டும் தெரிகிறது. ஹாம்லெட் ஆபத்தானவன் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கிளாடியஸ் மண்டியிட்டு ஜெபம் செய்யும்போது கொன்றிருந்தால் கதை முடிந்திருக்குமே?

முடிந்திருக்கும். ஏழு உயிர் மிச்சம். வாளை உருவிக்கொண்டு பின்னால் நிற்கிறான். ஜெபத்தில் செத்தால் சொர்க்கம் போய்விடுவான், பாவத்தில் இருக்கும்போது கொன்று நரகத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லி உறையில் போடுகிறான். இதையும் தயக்கம் என்கிறார்கள். எனக்கு இதில் தெரிவது பேராசை. உடலைக் கொன்றால் போதாது, ஆன்மாவையும் நாசம் செய்ய வேண்டும் என்ற வெறி. செனெக்காவின் கொடுங்கோலர்கள் பேசுகிற பேச்சு இது. அவன் போனபிறகு கிளாடியஸ் எழுந்து, தன் சொற்கள் மேலே போகின்றன, எண்ணம் கீழேயே கிடக்கிறது என்கிறான். அவனால் ஜெபிக்கவே முடியவில்லை. ஹாம்லெட் விரும்பிய நிலையிலேயேதான் அவன் இருந்தான்.

சரி, அப்படியென்றால் வீழ்ச்சி எந்த இடத்தில்?

அடுத்த காட்சியில். மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி, தாயின் அறை.

கெர்ட்ரூட் மகனைக் கண்டிக்க அழைத்திருக்கிறாள். பொலோனியஸ் திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கிறார். ஹாம்லெட்டின் பேச்சும் பார்வையும் தாய்க்குப் பயத்தைக் கிளப்ப, அவள் கத்துகிறாள். திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு குரல் கத்துகிறது. 'எலியா?' என்று கேட்டபடி ஹாம்லெட் திரையோடு சேர்த்துக் குத்திவிடுகிறான். என்ன செய்தாய் என்று தாய் அலற, 'தெரியவில்லையே, அரசனா?' என்கிறான். யாரென்று தெரியாமலே குத்தியிருக்கிறான். ஆவி சொன்னதைக்கூடச் சோதித்துப் பார்த்தவன், திரையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அரசன் வேறோர் இடத்தில் மண்டியிட்டிருந்ததை இப்போதுதான் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான்.

எனக்கு இன்னும் கலக்கமாக இருப்பது அதற்குப் பிறகு வருவது. பிணம் தரையில் கிடக்கிறது. ஹாம்லெட் அந்த வயதானவருக்கு இரண்டு மூன்று வரியில் விடைகொடுத்துவிட்டு, தாயின் இரண்டாம் கல்யாணத்தைப் பற்றி நீளமாகச் சண்டை போடுகிறான். இரண்டு படங்களைக் காட்டி இந்தக் கணவன், அந்தக் கணவன் என்று ஒப்பிடுகிறான். காட்சி முடியும்போதுதான், தான் தண்டிக்கும் சாட்டையாகவும் தண்டிக்கப்படுபவனாகவும் ஆகிவிட்டதாகச் சொல்கிறான். பிறகு உடலை இழுத்துக்கொண்டு போகிறான். எங்கே போட்டான் என்று கேட்பவர்களிடம் விளையாடுகிறான்.

அந்தக் குத்துக்கு முன்னால் அவன் கொலையுண்ட ஒரு தகப்பனின் மகன் மட்டுமே. அதற்குப் பிறகு இன்னொருவரின் தகப்பனைக் கொன்றவனும்கூட. லேயர்டிஸுக்கு ஹாம்லெட் யாரோ, ஹாம்லெட்டுக்குக் கிளாடியஸ் அவன்தான். கிளாடியஸ் அவனை இங்கிலாந்துக்கு அனுப்ப ஏற்கெனவே நினைத்திருந்தான்; இப்போது யாரும் மறுக்க முடியாத காரணம் கிடைத்துவிட்டது. ஒஃபீலியாவின் சித்தம் கலங்குவதும், லேயர்டிஸ் பாரிஸிலிருந்து திரும்புவதும், விஷ வாளும் எல்லாம் இந்தத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வருகின்றன.

பைத்தியம் நிஜமா, நடிப்பா?

நடிப்பு என்று அவனே நண்பர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான். கடைசியில் லேயர்டிஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது மட்டும், பொலோனியஸைக் கொன்றது தன் பைத்தியம்தான், தான் அல்ல என்கிறான். அந்த மன்னிப்பு எனக்கு நேர்மையாகப் படவில்லை.

லேயர்டிஸ் வில்லனா?

அவனை வில்லனாக நடிக்கவைக்கும் இயக்குநர்கள் நாடகத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். அவன் குறைகளைக் கேளுங்கள். தகப்பன் கொலையுண்டார். அவசர அவசரமாக, மறைவாகப் புதைத்துவிட்டார்கள். அந்தஸ்துக்குரிய வாளோ சின்னமோ கல்லறைமேல் இல்லை, முறையான சடங்கு இல்லை. தங்கை சித்தம் கெட்டுப் பூக்களை விநியோகிக்கிறாள். ஒரு மகனுக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டுமா?

ஹாம்லெட் தேடிய சாட்சியை அவன் தேடவில்லை. கூட்டத்தைத் திரட்டி அரண்மனைக் கதவை உடைக்கிறான். 'உன் தகப்பனுக்காக என்ன செய்வாய்?' என்று கிளாடியஸ் கேட்கும்போது, தேவாலயத்துக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான். ஜெபத்தில் இருந்தவனைக் கொல்லாமல் விட்ட ஹாம்லெட்டுக்கு நேர் எதிரான பதில். 'பழிக்கு எல்லை இருக்கக் கூடாது' என்று பாராட்டுபவன் கிளாடியஸ் என்பதைக் கவனித்தால், ஷேக்ஸ்பியர் எந்தப் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும். தயங்காத ஹாம்லெட் எப்படி இருப்பான் என்று கேட்பவர்களுக்கு லேயர்டிஸ்தான் பதில். அவன் கொலைகாரனின் கைக்கருவியாகிறான்.

ஐந்தாம் அங்கத்தில் ஹாம்லெட்டே ஹொரேஷியோவிடம், என் நிலையின் பிம்பத்தில் அவன் நிலையைக் காண்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறான்.

ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் சாக வேண்டியவர்களா?

இல்லை. ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அழைத்துப்போகக் கிளாடியஸ் அனுப்பிய இருவர் இவர்கள். தாங்கள் கொண்டுபோகும் கடிதத்தில் ஹாம்லெட்டைக் கொல்லும் உத்தரவு இருந்தது அவர்களுக்குத் தெரிந்ததாக நாடகத்தில் எங்கும் இல்லை. ஹாம்லெட் அதை மாற்றி எழுதி, தந்தையின் முத்திரை மோதிரத்தாலேயே முத்திரையிட்டு, இளவயது நண்பர்களைச் சாவுக்கு அனுப்புகிறான். என் மனசாட்சிக்கு அருகில்கூட அவர்கள் இல்லை என்கிறான். பழி அவனை எவ்வளவு மாற்றிவிட்டது என்று அறிய இந்த ஒரு வரி போதும்.

கடைசியில் பழி தீர்ந்ததா?

கிளாடியஸ் செத்தான். ஆனால் எப்படி? ஹாம்லெட் திட்டம் போட்டுக் கொல்லவில்லை. ஹாம்லெட்டுக்கென்று கிளாடியஸ் வைத்திருந்த விஷக் கோப்பையைத் தாய் குடித்துச் சரிகிறாள். தன் உடம்பிலும் விஷம் ஏறிவிட்டது. லேயர்டிஸ் உண்மையைச் சொல்கிறான். அப்போதுதான் பாய்கிறான். அரசனைக் குத்தி, மிச்ச விஷத்தை வாயில் ஊற்றும்போது அவன் சொல்வது 'என் தாயின் பின்னே போ' என்றுதான். நாடகம் முழுக்க எந்தத் தந்தைக்காகத் துடித்தானோ, அவர் பெயர் அந்தக் கணத்தில் வரவேயில்லை.

சாகும் தறுவாயில் லேயர்டிஸ், என் சாவும் என் தந்தை சாவும் உன்மேல் விழ வேண்டாம், உன் சாவு என்மேல் விழ வேண்டாம் என்று மன்னிப்பைப் பரிமாறிக்கொள்ளக் கேட்கிறான். ஹாம்லெட் சம்மதிக்கிறான். ஐந்து அங்கத்தில் இரண்டு பழிவாங்கிகள் ஒருவரையொருவர் மனிதராகப் பார்க்கும் இடம் எனக்கு இது ஒன்றுதான்.

ஃபோர்டின்பிராஸ் எதற்கு? பல தயாரிப்புகளில் அவனை வெட்டிவிடுகிறார்களே?

வெட்டினால் நேரம் மிச்சம், நாடகத்தின் முதுகெலும்பு போய்விடும். நார்வே இளவரசனான அவனும் தகப்பனை இழந்த மகன்தான். அவன் தகப்பனைக் கொன்றவர் ஹாம்லெட்டின் தகப்பன். அவனும் படை திரட்டுகிறான். அவன் சித்தப்பா தடுத்ததும் டென்மார்க்மேல் ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான். பழியைக் கைவிட்ட அவனுக்குக் கடைசியில் டென்மார்க் முழுவதும் சண்டையில்லாமல் கிடைக்கிறது.

மூலக் கதையில் ஹாம்லெட் பிழைத்துக்கொள்கிறானாமே?

ஆமாம். 1200ஐ ஒட்டி சாக்ஸோ கிராமட்டிகஸ் லத்தீனில் எழுதிய டேனிய வரலாற்றில் அம்லெத் என்ற இளவரசன் வருகிறான். அங்கே சித்தப்பா செய்த கொலை ஊரறிந்தது. ஆவிக்கு வேலையே இல்லை. அம்லெத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பைத்தியம் போல நடிக்கிறான். விருந்து மண்டபத்துக்குத் தீவைத்து, சித்தப்பாவைக் கொன்று, அரசனாகிறான். ஒட்டுக்கேட்டவனைக் குத்துவது அந்தக் கதையிலும் உண்டு, ஆனால் அவனுக்குப் பழிவாங்க வரும் ஒரு மகனோ மனமுடையும் ஒரு மகளோ இல்லை. அவர்களைச் சேர்த்ததுதான் இதைத் துன்பியலாக்கியது.

ஹாம்லெட்டுக்குப் பிறகு இந்த வகை என்ன ஆனது?

இன்னும் இருண்டது. 1606 வாக்கில் வந்த 'பழிவாங்குபவனின் துன்பியல்' நாடகத்தை இன்று பெரும்பாலோர் தாமஸ் மிடில்டனுடையது என்கிறார்கள். அதன் நாயகன் எல்லோரையும் கொன்றுவிட்டுத் தப்பித்தும்விடுகிறான். ஆனால் தன் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிய ஆட்சியாளரிடம் பெருமையாகச் சொல்லிவிடுகிறான். 'அவரைக் கொன்றவன் என்னையும் கொல்வாய்' என்று அவர் மரண தண்டனைக்கு அனுப்பிவிடுகிறார்.

தமிழில் ஹாம்லெட் வந்திருக்கிறதா?

பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்தன்' என்ற பெயரில் இதைத் தமிழாக்கினார். சென்னையில் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையின் வழியாக ஷேக்ஸ்பியர் தமிழ் மேடைக்கு வந்தார். இந்தியில் 2014இல் வந்த 'ஹைதர்' கதையைக் காஷ்மீருக்குக் கொண்டுபோகிறது. அதில் நாயகன் கடைசியில் சித்தப்பாவைக் கொல்லாமல் விட்டுவிடுகிறான். மூலத்தை மீறிய அந்த முடிவு எனக்குச் சம்மதம்.

முழுதாகப் படிக்க நேரமில்லை. எங்கே தொடங்கலாம்?

முழு நாடகத்தை வெட்டாமல் போட்டால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் கேள்வி நியாயமானதுதான். மூன்றாம் அங்கத்தின் 2, 3, 4 காட்சிகளை ஒரே மூச்சில் படியுங்கள்: நாடகம், ஜெபம், திரை. மூன்றும் ஒரே இரவில் நடப்பவை. அப்புறம் நான்காம் அங்கத்துக்குத் தாவி, ஐந்தாவது, ஏழாவது காட்சிகளில் லேயர்டிஸைப் பாருங்கள். 'இருப்பதா இறப்பதா' தனிமொழியைக் கடைசியில் படித்தாலும் நஷ்டமில்லை. கிட்டின் நாடகத்தில் மூன்றாம் அங்கத்தின் 13ஆவது காட்சி மட்டும் போதும். பஸூல்டோ அங்கேதான் வருகிறார்.